வலி என்னும் குறி

முன்னுரை

பல்வலியால் துடிக்கும் ஒருவனிடம் சென்று, "உனக்கு உண்மையிலேயே வலிக்கிறதா? நன்றாக யோசித்துச் சொல்" என்று கேட்டால் அவன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். உலகில் வேறு எதனை ஐயுற்றாலும் தன் வலியை ஐயுற எவராலும் இயலாது. ஆனால் அவன் அருகிலேயே அமர்ந்திருக்கும் நமக்கு அந்த வலி கண்ணுக்குத் தெரிவதில்லை, கைக்கு அகப்படுவதில்லை. அவன் முகச் சுளிப்பையும், கன்னத்தில் வைத்த கையையும், வாய்ச் சொல்லையும் கொண்டே அதனை அறிகிறோம். ஒருவனுக்கு எல்லாவற்றினும் உறுதியானது அடுத்தவனுக்கு வெறும் ஊகமாக நிற்கிறது. நனவு அனுபவம் பற்றி மெய்யியலாரும் உளவியலாரும் பேசும் சிக்கல் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

குறிகளைப் பற்றி ஆராயும் துறைக்குக் குறியியல் என்று பெயர். அத்துறை நனவு அனுபவத்தை விளங்கிக்கொள்ள எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதை, வலி என்னும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வலி என்பது காயத்தின் படம் அன்று. அது ஒரு குறி. இவ்வாறு கொண்டால் வலியைப் பற்றிய பல புதிர்கள் தாமே அவிழ்கின்றன. அவிழாத புதிர் ஒன்றும் எஞ்சுகிறது. அந்த எச்சம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதும் குறியியலின் பயனே.

மணிக்கயிறு

பிரான்சு நாட்டு அறிஞர் டேக்கார்ட்டு, தாம் 1650ஆம் ஆண்டில் மறைந்த பிறகு வெளிவந்த நூலொன்றில், வலிக்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார். தீயின் அருகே கால் நீட்டியிருக்கும் ஒருவனின் படமும் அதில் உண்டு. தீ, பாதத்தின் தோலை அசைக்கிறது. அங்கிருந்து மூளை வரை ஓடும் மெல்லிய இழை இழுபடுகிறது. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் மணி அடிப்பதுபோல் மூளையில் வலி எழுகிறது என்பது அவர் விளக்கம்.

இவ்விளக்கம் எளிமையானது. நம்மில் பலர் இன்றும் வலியைப் பற்றி இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். காயம் பெரிதானால் வலியும் பெரிதாக இருக்க வேண்டும். காயம் இல்லையேல் வலி இருத்தல் கூடாது. காயம் எங்கே உளதோ அங்கேயே வலியும் தோன்ற வேண்டும். மணிக்கயிற்றுக் கொள்கையிலிருந்து பெறப்படும் முடிவுகள் இவை மூன்றும். நடைமுறையிலோ மூன்றும் பொய்க்கின்றன.

முதலாவதைக் காண்போம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுங்காயம் பட்ட படைவீரர்களுள் பலர் வலிக்கு மருந்து வேண்டாம் என்று கூறியதைக் கண்டு வியந்தார். 1956ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஒப்பீட்டில், வலிபோக்கும் மருந்து கேட்ட வீரர்கள் நூற்றுக்கு 32 பேர். ஊரில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பொதுமக்களுள் கேட்டவர்களோ நூற்றுக்கு 83 பேர். திசுக்களின் சேதத்தை மட்டும் பார்த்தால் வீரர்களுக்கே மிகுதியாக வலித்திருக்க வேண்டும். வேறுபாடு காயத்தில் இல்லை, காயம் எதைக் குறித்தது என்பதில் இருந்தது என்றார் பீச்சர். வீரனுக்கு அக்காயம் போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டு வீடு திரும்பலாம் என்பதைக் குறித்தது. ஊரில் இருந்தவருக்கோ அது வாழ்வில் நேர்ந்த பேரிடரைக் குறித்தது.

இரண்டாவதற்கும் சான்று உண்டு. 1995ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ இதழொன்றில் ஒரு கட்டடத் தொழிலாளியைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. உயரத்திலிருந்து குதித்த அவருடைய காலணியை 15 சென்டிமீட்டர் ஆணியொன்று துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணியைச் சற்று அசைத்தாலும் அவர் வலியால் அலறினார். மயக்கமூட்டும் மருந்து கொடுத்து ஆணியைப் பிடுங்கிக் காலணியைக் கழற்றியபோது, ஆணி விரல்களின் இடுக்கு வழியே சென்றிருந்தது தெரிந்தது. பாதத்தில் ஒரு கீறலும் இல்லை. அவர் நடித்தார் என்று எவரும் சொல்லவில்லை. கண்ணால் கண்ட ஆணியே அவருக்கு வலியாயிற்று.

மூன்றாவதற்கு அயலிடம் செல்ல வேண்டியதில்லை. மாரடைப்பு நோயாளிகள் பலர் இடக்கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே மருத்துவமனைக்கு வருகின்றனர். கையில் கோளாறு ஏதும் இல்லை. கோளாறு இதயத்தில் இருக்கிறது. குடல்வால் அழற்சி வலக் கீழ்வயிற்றில் ஏற்படுவது. ஆனால் அதன் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியே தொடங்குகிறது.

ஆகவே மணிக்கயிறு அறுந்துவிட்டது. அதனிடத்தில் வைக்கத்தக்க வேறொரு கருத்து நமக்குத் தேவைப்படுகிறது.

குறி என்பது யாது?

புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று உணர்வதை நம் நாட்டு அளவை நூல்கள் அனுமானத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறும். புகை நெருப்பு அன்று. நெருப்பைப்போல் இருப்பதும் அன்று. ஆயினும் அது நெருப்பைக் காட்டுகிறது. வேறொன்றைக் காட்டி நிற்பது எதுவோ அதுவே குறி.

இக்காலக் குறியியலுக்கு அடிகோலியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். ஒருவர் ஜெனீவா நகர மொழியியலறிஞர் சசூர். மற்றவர் அமெரிக்க அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ். சசூர் குறியை இரண்டு உறுப்புகள் உடையதாகக் கண்டார்: ஒலி வடிவம் ஒன்று, அது சுட்டும் கருத்து மற்றொன்று. மொழியை ஆராய இது போதும். அனுபவத்தை ஆராயப் பியர்சின் கொள்கையே ஏற்றது என்பது என் துணிபு. ஏனெனில் அவர் குறிக்கு மூன்றாவது உறுப்பு ஒன்றையும் சேர்த்தார்.

பியர்ஸ் 1839ஆம் ஆண்டில் பிறந்து 1914ஆம் ஆண்டில் மறைந்தவர். அமெரிக்க அரசின் கடற்கரை அளவைத் துறையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர். முக நரம்பு வலியால் வாழ்நாளெல்லாம் அவதியுற்றவர். முகத்தில் காயம் ஏதும் இல்லாமலே மின்னல் வெட்டினாற்போல் வந்து தாக்கும் கொடிய வலி அது.

அவர் கூறும் மூன்று உறுப்புகள் வருமாறு: ஒன்று, குறி. இரண்டு, அது காட்டும் பொருள். மூன்று, அக்குறி தன்னைக் கொள்பவரிடத்து உண்டாக்கும் விளைவு. புகை குறி, நெருப்பு பொருள், "தீப்பிடித்துவிட்டது" என்று உணர்ந்து நாம் எழுந்து ஓடுவது விளைவு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் குறி குறியாகாது. எவரும் கொள்ளாத குறி, பிரிக்கப்படாத கடிதம் போன்றது.

பொருளோடு குறி கொண்டுள்ள தொடர்பை நோக்கி அவர் குறிகளை மூவகைப்படுத்தினார். நிலப்படமும் ஓவியமும் பொருளை ஒத்திருப்பதால் ஒப்புக்குறிகள். புகையும் காலடித் தடமும் பொருளால் விளைந்தவையாதலால் சுட்டுக்குறிகள். சொல்லும் கொடியும் மக்கள் வழக்கால் பொருள் பெற்றவையாதலால் வழக்குக்குறிகள்.

புலனுணர்வுகள் குறிகளே என்னும் கருத்து பியர்சோடு நிற்பதன்று. செருமானிய அறிவியலறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1878ஆம் ஆண்டில் பெர்லினில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், நம் புலனுணர்வுகள் புறப்பொருள்களின் படிமங்கள் அல்ல, குறிகளே என்று நிறுவினார். படிமம் பொருளை ஒத்திருக்க வேண்டும்; குறி ஒத்திருக்க வேண்டியதில்லை; ஒரே பொருள் ஒரே நிலையில் ஒரே குறியைத் தோற்றுவித்தால் போதும் என்பது அவர் வாதம். வண்ணத் தொலைக்காட்சியில் நாம் காணும் மஞ்சள் இதற்குத் தக்க சான்று. அத்திரையில் மஞ்சள் ஒளிப்புள்ளி என்று ஒன்று இல்லை. சிவப்பும் பச்சையுமான புள்ளிகள் அருகருகே ஒளிர்வதையே கண் மஞ்சள் என்று கொள்கிறது. ஒளியின் இயல்பைப் படம்பிடிப்பது கண்ணின் வேலை என்றால் இவ்வாறு நிகழாது.

வலி எவ்வகைக் குறி?

இனி, வலிக்கு வருவோம். வலி காயத்தை ஒத்திருக்கிறதா? வெட்டுக்காயம் சிவந்து நீண்டிருக்கிறது. வலி சிவப்பும் அன்று, நீளமும் அன்று. ஆகவே அது ஒப்புக்குறி ஆகாது. ஊரார் கூடி முடிவு செய்து ஏற்படுத்தியதும் அன்று; ஆகவே வழக்குக்குறியும் ஆகாது. உடலில் நேர்ந்த, அல்லது நேரவிருக்கும், தீங்கினால் விளைந்து அத்தீங்கைச் சுட்டுவதால் வலி ஒரு சுட்டுக்குறி என்பது தெளிவு.

சுட்டுக்குறிக்கு உரிய பலமும் பலவீனமும் வலிக்கும் உண்டு. சுட்டுவிரல் எவ்வளவு உறுதியாக நீண்டிருந்தாலும் அது தவறான திசையில் நீளக்கூடும். இதய வலி கையில் தோன்றுவது இவ்வாறே. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இடக்கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. தோலிலிருந்தும் கைகால்களிலிருந்தும் செய்தி பெற்றே பழகிய மூளை, அவ்வழியே வந்த செய்தியைக் கையிலிருந்து வந்ததாகக் கொள்கிறது. செய்தி மெய்யானது, முகவரி மாறிவிட்டது.

சுட்டப்படும் பொருளே இல்லாமற் போவதும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த வியர் மிட்செல், இல்லாத உறுப்பு இருப்பதாகவே அவர்கள் உணர்வதைக் கண்டு, 1871ஆம் ஆண்டில் அதற்கு "மாய உறுப்பு" என்று பெயரிட்டார். அம்மாய உறுப்பில் கொடிய வலியும் உண்டாகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு நடத்திய வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இவ்வலிக்கு எளியதொரு வழி கண்டார். இழந்த கை இறுக மூடியிருப்பதாகவும் நகங்கள் உள்ளங்கையைக் குத்துவதாகவும் சிலர் வருந்தினர். அவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் நிழலுரு இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். நல்ல கையை விரித்தபோது இழந்த கையே விரிவதுபோல் தெரிந்தது. அவர்களுட் சிலருக்கு அக்கணமே வலி தணிந்தது. எல்லார்க்கும் இவ்வழி பயன்படுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஒரு குறியை மற்றொரு குறி மாற்றிவிட்டது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. கயிற்றையும் மணியையும் மட்டும் வைத்துக்கொண்டு இதனை விளக்க இயலாது.

விளைவின் மூன்று படிகள்

குறியின் மூன்றாம் உறுப்பாகிய விளைவையும் பியர்ஸ் 1907ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் மூன்று படிகளாகப் பகுத்தார். முதற்படி, குறி எழுப்பும் உணர்வு. இரண்டாவது, அது தூண்டும் செயல். மூன்றாவது, அதனால் உருவாகும் கருத்தும் பழக்கமும். சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன் சுரீர் என்கிறது, கை பின்வாங்குகிறது, இனிக் கைப்பிடித் துணியின்றித் தொடக்கூடாது என்று மனம் கொள்கிறது. அன்றாடம் நம் சமையலறையில் நிகழும் இச்செயலில் மூன்று படிகளும் உள்ளன.

நலமாயிருக்கும் நமக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும். நோயே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவரின் பாதத்தைக் குத்தினால், அவர் ஏதும் உணராதிருக்கவும் கால் தானே மடங்குவதுண்டு. இங்கே செயல் உண்டு, உணர்வு இல்லை. தீங்கை அறிவிக்கும் நரம்புச் செய்தி வேறு, வலி வேறு என்பதை இது மெய்ப்பிக்கிறது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. 1928ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஷில்டர், ஸ்டெங்கல் என்னும் மருத்துவர்கள் ஒருவகை மூளைச் சேதத்தை விவரித்தனர். அந்நோயாளிகளைக் குத்தினால் வலிப்பதாகக் கூறுவர். கூர்மையான வலியா மழுங்கிய வலியா என்றும் வேறுபடுத்துவர். ஆனால் உறுப்பை விலக்கிக்கொள்ள மாட்டார்கள். சில வேளைகளில் சிரிக்கவும் செய்வர். இந்நிலைக்கு அம்மருத்துவர்கள் சூட்டிய பெயரே குறியியலோடு தொடர்புடையது. தமிழில் அதனை "வலிக் குறியின்மை" எனலாம். வலி வருகிறது; ஆனால் அது "எனக்குத் தீங்கு" என்னும் பொருளைத் தருவதில்லை.

இரண்டும் இன்றிக் கருத்து மட்டும் இருந்தால் போதுமா என்னும் வினாவுக்கும் இயற்கை விடை தந்திருக்கிறது. பாகிஸ்தானின் வடபகுதியைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் பிறவியிலேயே வலி அறியாத பிள்ளைகள் இருப்பதையும், மரபணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றமே அதற்குக் காரணம் என்பதையும் 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அப்பிள்ளைகளுக்குத் தொடுவுணர்வும் சூடு குளிர் அறியும் உணர்வும் இருந்தன. வலி மட்டும் இல்லை. தம் நாக்கையும் உதட்டையும் தாமே கடித்துக் காயப்படுத்திக்கொண்டிருந்தனர். முதலில் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்த சிறுவன், தெருவில் கையில் கத்தியைக் குத்திக்காட்டியும் தணலில் நடந்தும் பிழைத்தவன். பதினான்கு வயது நிரம்பும் முன்பே கூரையிலிருந்து குதித்து உயிரிழந்தான். "தீ சுடும், உயரம் ஆபத்து" என்று பெற்றோர் சொல்லியே வளர்க்கலாம். ஆனால் சொல் வழக்குக்குறி. அதனை மறக்கலாம், மீறலாம். வலியோ உடனிருந்து காக்கும் சுட்டுக்குறி. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பவில்லை.

நாம் வேண்டாம் என்று வெறுக்கும் வலி, நம்மைக் காக்கும் காவலாளி என்பது இதனால் விளங்கும். காவலாளியும் சில சமயம் வீணே கூச்சலிடுவதுண்டு. காயம் ஆறிய பின்னரும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலி அத்தகையது. அப்போது குறியே நோயாகிவிடுகிறது.

வலியைச் சொல்லும் சொற்கள்

வலி என்னும் சுட்டுக்குறி ஒருவனுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனைப் பிறர்க்கு அறிவிக்க அவன் வேறு குறிகளை நாடுகிறான். இங்கே மொழி வருகிறது.

என் பாட்டியார் தம் முழங்கால் வலியை "குடையுது" என்பார். தலைவலியை "மண்டையைப் பிளக்குது" என்பார். கொப்புளத்தை "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பார். குத்துதல், குடைதல், பிசைதல், கடுத்தல், எரிதல், சுண்டி இழுத்தல் என வலியைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள்ளன. இவற்றுட் பல, கருவிகளின் செயலையோ கைகளின் செயலையோ குறிப்பவை. குடைவது துரப்பணம், குத்துவது ஊசி, பிசைவது கை. முழங்காலுக்குள் துரப்பணம் இல்லை என்பது பாட்டியாருக்குத் தெரியும். ஆயினும் தனக்குள் நிகழ்வதை அடுத்தவர் அறியும்படி செய்ய, இருவரும் அறிந்த புறச்செயல் ஒன்றை ஒப்புக்குறியாக நிறுத்துகிறார். வலியைச் சொல்லும் சொல், வடிவால் வழக்குக்குறி, உள்ளுறையால் ஒப்புக்குறி.

இச்சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல. கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, 1975ஆம் ஆண்டில் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் "எரிகிறது, மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது" என்கின்றனர். வேறு நோயுடையோர் வேறு சொற்களைத் தேர்கின்றனர். சொல்லைக் கேட்டே நோயின் வகையை ஓரளவு ஊகிக்கலாம். இந்த மெல்சாக்கும் பாட்ரிக் வால் என்பவரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட "வாயிற் கொள்கை" மணிக்கயிற்றுக்குப் பெரும் அடியாக அமைந்தது. முதுகுத்தண்டில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் உண்டு. அதனைத் திறக்கவும் சாத்தவும் தொடுவுணர்வாலும் மூளையின் ஆணையாலும் இயலும் என்றனர். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவதன் காரணம் அதுவே.

சொல் வராத இடத்தில் உடல் பேசுகிறது. உள்ளத்து நிகழ்ச்சி உடலில் புலப்படுவதை ஆராயத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலே வகுத்தார். நகை, அழுகை முதலாக மெய்ப்பாடுகள் எட்டு என்று எண்ணி, ஒவ்வொன்றும் எவ்வெவற்றைக் களனாகக் கொண்டு பிறக்கும் என்றும் காட்டினார். அழுகை ஒன்றே, அதன் களன்கள் நான்கு. கண்ணீரைக் கண்டால் மட்டும் போதாது. எதனால் வந்த கண்ணீர் என்று அறிய வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். குறியைக் காண்பது வேறு, குறியைப் படிப்பது வேறு என்னும் இக்காலக் கொள்கைக்கு இது முற்றிலும் இயைந்ததே.

குறியியல் விளக்காதது எது?

இதுவரை கூறியவற்றைக் கேட்ட நண்பர் ஒருவர் பின்வருமாறு வினவலாம்: "திரையரங்கில் புகை எழுந்தால் எச்சரிக்கை மணி தானே ஒலிக்கிறது. அங்கும் குறி உண்டு, பொருள் உண்டு, விளைவும் உண்டு. அந்தக் கருவிக்கு வலிக்கிறதா?"

இவ்வினா நியாயமானது. வலிக்கவில்லை என்றே நாம் அனைவரும் கூறுவோம். அப்படியானால் குறி என்பதனால் மட்டும் உணர்வு தோன்றிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய மெய்யியலறிஞர் டேவிட் சாமர்ஸ், 1995ஆம் ஆண்டில் இதனையே "கடினமான சிக்கல்" என்று அழைத்தார். மூளை செய்தியைப் பெறுவதையும் பிரிப்பதையும் செயலாற்றுவதையும் விளக்கிவிடலாம். அவற்றோடு ஓர் உள்ளுணர்வும் ஏன் உடன் வருகிறது என்பதை விளக்குவதே கடினம் என்றார்.

குறியியல் இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. பியர்சே அவ்வாறு கூறவில்லை. 1867ஆம் ஆண்டு முதலே அவர் தன்மை, தொடர்பு, குறித்தல் என மூன்று அடிப்படைகளைக் கொண்டார். சிவப்பின் சிவப்பு, வலியின் நோவு ஆகியவை முதலாவதாகிய தன்மையைச் சாரும். அதனை மற்ற இரண்டிலிருந்தும் பிறப்பிக்க முடியாது என்பதே அவர் கொள்கை. உணர்வைக் குறியிலிருந்து வடித்தெடுக்க அவர் முயலவில்லை. உணர்வு இன்றிக் குறியின் முதல் விளைவே இல்லை என்று காட்டினார்.

பின் குறியியலால் பயன் என்ன? அது வினாவின் இடத்தை மாற்றுகிறது. "தசையிலும் நரம்பிலும் வலி என்னும் பொருள் எப்படிச் சுரக்கிறது?" என்று கேட்கும்வரை விடைக்கு வழியே இல்லை, அப்படி ஒரு பொருள் சுரப்பதில்லை. "எந்த நிலையில் ஒரு குறி, ஒருவருக்குரிய குறியாகிறது?" என்று கேட்டால் ஆராய வழி பிறக்கிறது. எச்சரிக்கைக் கருவியில் விளைவு ஒன்றே: மணி அடித்தவுடன் அது முடிந்துவிடுகிறது. முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலும் அவ்வாறே. நாம் உணரும் வலியோ அங்ஙனம் முடிவதில்லை. அது நம் கவனத்தைக் கவர்கிறது. பழைய நினைவைக் கிளறுகிறது. நாளைய வேலை என்னாகும் என்று அஞ்சச் செய்கிறது. அழைக்க ஒரு பெயரையும் சொல்ல ஒரு சொல்லையும் தேடச் செய்கிறது. ஒரு குறி, ஓர் உயிரின் வாழ்வு முழுவதற்கும் திறந்துவிடப்படும்போது அது உணரப்படுகிறது என்பது என் எண்ணம். இதனை முடிந்த முடிபாக அன்றி, ஆராயத்தக்க கருதுகோளாகவே இங்கு வைக்கிறேன்.

குறியைப் படிப்போர் கடமை

இவ்வாராய்ச்சி வகுப்பறையோடு முடிவதன்று என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி போதும். 1980களின் நடுப்பகுதி வரை, மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவற்றிலும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்து இன்றியே அறுவை மருத்துவம் செய்யும் வழக்கம் இருந்தது. குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை. அதன் அழுகை அனிச்சைச் செயலே. அது வலியைக் குறிப்பதன்று என்று கருதியதும், மயக்க மருந்து குழந்தையைக் கொன்றுவிடுமோ என்ற அச்சமும் அதற்குக் காரணங்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் அவ்வழக்கத்தை அசைத்தன. வலிநீக்கும் மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு, இரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் சுரப்புகளும் குறைந்தன. அறுவைக்குப் பிந்திய இடர்களும் குறைந்தன. குழந்தை புதிதாக ஒன்றும் பேசத் தொடங்கிவிடவில்லை. அதுவரை குறி என்று மதிக்கப்படாதது குறி என்று மதிக்கப்பட்டது, அவ்வளவே.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் வரையறையை 2020ஆம் ஆண்டில் திருத்தியபோது, அதன் குறிப்புரையில் ஒரு கருத்தைத் தெளிவுபடுத்தியது. வாயால் சொல்வது வலியைத் தெரிவிக்கும் வழிகளுள் ஒன்று மட்டுமே. சொல்ல இயலாமையால் வலி இல்லை என்று ஆகிவிடாது. இது மனிதர்க்கும் பிற விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதே அக்கருத்து. ஒருவர் தம் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இதன் காரணம் குறியியலில் இருக்கிறது. வலி ஒரு குறி. அதைத் தெரிவிக்கும் சொல் அக்குறிக்கு ஒரு குறி. இரண்டாம் குறி இல்லை என்பதால் முதற்குறி இல்லை என்று முடிவு செய்வது, புகை தெரியவில்லை என்பதால் அடுப்பில் தணல் இல்லை என்று கைவைப்பதை ஒக்கும். 0 முதல் 10 வரை எண்ணிட்டு "உங்கள் வலி எத்தனை?" என்று மருத்துவமனையில் கேட்கிறார்கள். அந்த எண் பயனுள்ளதே. ஆனால் எண்ணறியாத முதியவர், பேச்சிழந்த நோயாளி, மறதி நோயுற்றவர், கைக்குழந்தை ஆகியோரிடம் அந்த எண் கிடைப்பதில்லை. அங்கே முகத்தையும் மூச்சையும் கைகால்களின் அசைவையும் படிக்கத் தெரிந்தவர்களே தேவை.

முடிவுரை

வலி காயத்தின் படம் அன்று, தீங்கைச் சுட்டும் குறி என்று கண்டோம். அவ்வாறு கொண்டதால், காயத்திற்கும் வலிக்கும் அளவு ஒவ்வாமை, இடம் மாறித் தோன்றும் வலி, இல்லாத உறுப்பின் வலி, வலித்தும் வருந்தாத நிலை ஆகியவற்றை ஒரே முறையில் விளங்கிக்கொள்ள முடிந்தது. குறி ஏன் உணரப்படுகிறது என்னும் வினா எஞ்சி நிற்பதையும் மறைக்காமல் கூறினேன்.

மெய்யியல், உளவியல், மொழியியல், மருத்துவம் என்னும் நான்கு துறைகளும் சந்திக்கும் இடம் இது. தமிழில் வலியைக் குறிக்கும் சொற்களை வட்டாரந்தோறும் திரட்டி, எந்த நோய்க்கு எந்தச் சொல்லை மக்கள் சொல்கின்றனர் என்று வகைப்படுத்தும் பணியை நம் கல்லூரித் தமிழ்த்துறை மாணவரும் அறிவியல் மாணவரும் சேர்ந்து மேற்கொள்ளலாம். "குடையுது" என்று ஒரு முதியவர் சொல்லும்போது அது எதனைக் குறிக்கிறது என்று மருத்துவர் உடனே அறிந்துகொள்ள அது துணைபுரியும். அடுத்தவரின் வலியை நாம் ஒருபோதும் உணர முடியாது. ஆனால் அதனைப் படிக்கக் கற்றுக்கொள்ள முடியும்.